டேகேர் பூட்டியிருந்த நாட்களுக்கும் முழுக் கட்டணமா?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்

பொருள்: அரசு முடக்க காலத்தில் வசூலித்த கட்டணம், தாமத அபராதம், டீச்சர்களுக்குத் தராத சம்பளம்

வணக்கம்.

நவம்பர் 3ஆம் தேதி திங்கட்கிழமை காலை என் வங்கிக் கணக்கிலிருந்து 2,180 டாலரை எடுக்க உங்கள் கம்பெனி முயன்றது, கணக்கில் அவ்வளவு பணம் இல்லாததால் அது திரும்பிவிட்டது. அதற்கு வங்கி 35 டாலர் அபராதம் போட்டது. மறுநாள் நீங்கள் தாமதக் கட்டணம் என்று 75 டாலர் போட்டீர்கள். 6ஆம் தேதி, பத்து நாளில் பணம் கட்டாவிட்டால் என் மகனின் இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடுவதாக மின்னஞ்சல் வந்தது. அந்த நவம்பர் 3ஆம் தேதி, எங்கள் டேகேர் கதவு பூட்டி 34ஆவது நாள்.

உங்கள் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருக்கிறது. இங்கே வாஷிங்டனில் என்ன நடந்தது என்பது உங்களுக்குச் சரியாகத் தெரியாமலே இந்தக் கடிதங்களை அனுப்பியிருக்கலாம் என்று நினைத்துத்தான் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் ஒரு கூட்டாட்சி அரசு அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் டேகேரை நடத்துவது நீங்கள். என் மகனுக்கு இரண்டு வயது. அக்டோபர் 1ஆம் தேதி, நாடாளுமன்றம் நிதி ஒதுக்காததால் அரசு முடங்கியபோது என்னுடன் வேலை செய்பவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதாவது ஃபர்லோ என்ற சம்பளமில்லாத கட்டாய விடுப்பு. என்னைப் போன்றவர்களை 'எக்செப்டட்' என்று வைத்துக்கொண்டார்கள். தினமும் வேலைக்கு வரவேண்டும், சம்பளம் மட்டும் பிறகு. அக்டோபர் 10 வாக்கில் வந்த சம்பளம் செப்டம்பர் 30 வரைக்குமானது. அக்டோபர் 24 அன்று ஒன்றும் வரவில்லை. நவம்பர் 7 அன்றும் வரவில்லை. ஃபர்லோ ஆனவர்களாவது வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். முழுநேரமும் வேலை செய்துகொண்டிருக்கும் எங்களுக்கு அதுவும் கிடைக்காது.

ஆக, நான் கட்டாயம் அலுவலகம் போகவேண்டும், என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடம் பூட்டிக் கிடக்கிறது. முதல் நாள் காலை ஏழரை மணிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரியும். உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது அன்று மதியம். அரசு முடங்கக்கூடும் என்று செப்டம்பர் முழுக்க நாடே பேசிக்கொண்டிருந்தது, நானும் செப்டம்பர் 22ஆம் தேதி உங்கள் மையத்தின் டைரக்டரிடம் நேரில் கேட்டேன். தலைமை அலுவலகத்திலிருந்து எந்த உத்தரவும் வரவில்லை என்று அவர் பாவம் உண்மையைத்தான் சொன்னார். அவர்மேல் எனக்குக் குறையில்லை.

கட்டடம் மூடியிருந்ததால் வேறு வழியில்லை என்று உங்கள் மின்னஞ்சல் சொல்கிறது. கட்டடம் மூடியிருக்கவில்லை. நான் தினமும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன், காவலர்கள் இருந்தார்கள், விளக்கு எரிந்தது, ஹீட்டர் ஓடியது. டேகேரைத் திறந்து வைக்க யாராவது அனுமதி கேட்டார்களா என்று கட்டட மேலாளரிடம் விசாரித்தேன், உங்கள் தரப்பிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை என்றார். இரண்டு தெரு தள்ளி இன்னொரு அரசுக் கட்டடத்தில் வேறு ஒருவர் நடத்தும் டேகேர் இரண்டு வகுப்பறைகளை மட்டும் திறந்து வைத்து, வேலைக்கு வரவேண்டியிருந்த பெற்றோர்களின் பிள்ளைகளைக் கடைசி வரை பார்த்துக்கொண்டது. குழந்தைகள் குறைவாக வருவார்கள், கட்டுப்படியாகாது என்று நீங்கள் கணக்குப் போட்டிருந்தால் அதை நேராகச் சொல்லியிருக்கலாம்.

அந்த நாட்களை நாங்கள் எப்படி ஓட்டினோம் என்றால், மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் என் கணவர் இரவு ஷிஃப்டுக்கு மாறினார். காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, தூங்காமல் பகல் முழுவதும் ஓடியாடும் இரண்டு வயதுப் பையனைப் பார்த்துக்கொண்டு, நான் ஆறு மணிக்கு வந்ததும் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டுத் திரும்பவும் வேலைக்குப் போனார். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் கார் ஓட்டும்போது கண் அசந்துவிட்டதாக அவர் சொன்னதும், அதற்குமேல் அப்படி விடக்கூடாது என்று ஒன்பது நாட்களுக்கு வேறு ஒரு டேகேரில் நாள் ஒன்றுக்கு 110 டாலர் கொடுத்துச் சேர்த்தேன். 990 டாலர், எல்லாம் கிரெடிட் கார்டில். அக்டோபர் மாதத்துக்கான உங்கள் 2,180 டாலர் முதல் தேதியே, கதவு பூட்டிய அதே நாளில், என் கணக்கிலிருந்து போய்விட்டது.

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பஸ் ஸ்டாப்பில் என் மகனின் டீச்சரைப் பார்த்தேன். உங்களுக்கு எழுதியே ஆகவேண்டும் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான். டேகேர் பூட்டிய நாளிலிருந்து தனக்குச் சம்பளம் இல்லை, கையிருப்பு விடுப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், அதுவும் நான்கு நாளில் தீர்ந்துவிட்டது என்றார். நான் அதுவரை, கட்டணம் வாங்குகிறீர்களே, அந்தப் பணத்தில்தான் டீச்சர்களுக்குச் சம்பளம் போகிறது, சரி, அவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் முதல் மூன்று வாரம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் டீச்சர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. முடக்கம் முடிந்ததும் எங்களுக்கு நிலுவைச் சம்பளம் உறுதி என்று 2019இல் ஒரு சட்டம் வந்தது. அக்டோபரில் அதைப் பற்றியே சந்தேகம் கிளப்பினார்கள், ஆனால் கடைசியில் நவம்பர் 12 இரவு கையெழுத்தான சட்டத்தில் அது உறுதியானது. அந்தச் சட்டம் அரசு ஊழியர்களுக்கு மட்டும்தான். அரசுக் கட்டடத்தில் அரசு ஊழியர்களின் பிள்ளைகளை வளர்த்தாலும் டேகேர் டீச்சர்கள் வாங்குவது பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்து, தருவது நீங்கள். எங்களுக்குத் தாமதமாக வந்தது, அவர்களுக்கு வரவே வராது. நாடு முழுவதும் பார்த்தால் குழந்தை பராமரிப்பு வேலையில் இருப்பவர்களின் கூலி மணிக்கு 15 டாலர் சொச்சம்தான். ஆறு வாரச் சம்பளத்தை இழந்து தாங்கக்கூடிய வேலையா அது?

என் கேள்வி இதுதான்: எங்கள் பணம் எங்கே போனது?

1985ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக் கட்டடங்களில் நடக்கும் டேகேர்களுக்கு, பிள்ளைகளில் குறைந்தது பாதி அரசு ஊழியர்களின் பிள்ளைகளாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன், இடத்தை வாடகையில்லாமல் கொடுக்க அரசுத் துறைகளுக்கு அனுமதி உண்டு. விளக்கு, ஹீட்டர், பாதுகாப்பு எல்லாமே அதில் சேர்த்தி. எங்கள் மையத்துக்கும் அப்படித்தான் கிடைக்கிறது, பெற்றோர் கையேட்டில் நீங்களே பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். வாடகை இல்லை, மின்சாரக் கட்டணம் இல்லை. பூட்டிய டேகேரில் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் இல்லை. மிச்சமிருக்கும் பெரிய செலவு டீச்சர்களின் சம்பளம், அதையும் நீங்கள் தரவில்லை. அப்படியானால் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை ஒவ்வொரு குடும்பத்திடமும் வாங்கியது எதற்கு? இரண்டு முறை மின்னஞ்சலில் கேட்டேன். இரண்டு முறையும் 'இடத்தைத் தக்கவைப்பதற்கான கட்டணம்' என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது.

ஒப்பந்தத்தில் இருக்கும் 'எங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்கள்' என்ற பிரிவையும் காட்டினீர்கள். அது பனிப்புயலுக்கும் மின்வெட்டுக்கும் எழுதியது. 2010 பிப்ரவரியில் வந்த அந்தப் பெரிய பனிப்புயலில்கூட வாஷிங்டன் அரசு அலுவலகங்கள் நான்கரை நாள்தான் மூடின. அப்படி ஓரிரு நாளுக்கு எந்தப் பெற்றோரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள். இது 43 நாள். அதோடு, அரசு முடக்கம் யாரும் எதிர்பாராமல் வந்து விழுகிற விஷயமும் இல்லை. 1995-96இல் 21 நாள், 2013இல் 16 நாள், 2018-19இல் 35 நாள். அரசுக் கட்டடத்துக்குள் அரசு ஊழியர்களின் பிள்ளைகளை நம்பித் தொழில் செய்யும் ஒரு கம்பெனி இதற்கு ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டாமா?

திட்டம் சாத்தியம்தான் என்பதை இதே டேகேரில் நான் பார்த்திருக்கிறேன். 2018 டிசம்பரில் முடக்கம் தொடங்கியபோது என் மூத்த மகள் இங்கே இருந்தாள். அப்போது இதை நடத்தியது பெற்றோர்களைக் கொண்ட ஒரு குழு. முதல் வாரமே குழுவிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து, உங்களால் பாதிக் கட்டணம் முடியுமா, முடியாவிட்டால் எவ்வளவு முடியும் என்று கேட்டார். வந்த பணம் அப்படியே டீச்சர்களுக்குப் போனது, அவர்களுக்குப் பாதிச் சம்பளமாவது தவறாமல் கிடைத்தது. எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தோம் என்று வாராவாரம் எங்களுக்கு எழுதினார்கள். 35 நாள் கழித்துத் திறந்தபோது ஒரு டீச்சர்கூட வேலையை விட்டிருக்கவில்லை. பிறகு குழு பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்தபோது, பெரிய கம்பெனி, அனுபவம் உண்டு, இன்னும் நன்றாக இருக்கும் என்று நானும் கைதூக்கி ஆதரித்தேன்.

இந்த முறை அலுவலகம் நவம்பர் 13 காலையே திறந்துவிட்டது. நீங்கள் திறந்தது 17ஆம் தேதி, காரணம் இரண்டு டீச்சர்கள் திரும்பி வரவில்லை. அதில் ஒருவர் நான் பஸ் ஸ்டாப்பில் பார்த்தவர். அவருக்கு வாடகை கட்டவேண்டியிருந்தது, வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். என் மகன் பத்து மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து அவரிடம் வளர்ந்தவன். முதல் வாரம் முழுக்கக் காலையில் வகுப்பறைக் கதவுக்குப் பின்னால் போய் அவரைத் தேடினான். மிஸ் எங்கே, மிஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மதியம் தூங்க மறுக்கிறான் என்று புது டீச்சர் குறிப்பு அனுப்புகிறார், அவரை என்ன சொல்வது?

இன்னொரு விஷயம். அக்டோபர் முதல் வாரத்திலேயே, கடன் கொடுத்தவர்களிடம் அவகாசம் கேட்பதற்காக அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகம் ஊழியர்களுக்கென்று வெளியிட்ட மாதிரிக் கடிதத்தை நிரப்பி எல்லோருக்கும் அனுப்பினேன். கார் லோன் கொடுத்த வங்கி ஒரு தவணையைத் தள்ளிவைத்தது. மின்சாரக் கம்பெனி அபராதத்தை நிறுத்தியது. கிரெடிட் கார்டுக்காரர்கள்கூட ஒரு மாதம் பொறுத்தார்கள். எங்களை யாரென்றே தெரியாதவர்கள் அவர்கள். எங்கள் பிள்ளையை நாங்கள் தினமும் ஒப்படைத்துவிட்டுப் போகும் நீங்கள் தானியங்கிப் பதில் அனுப்பினீர்கள், அப்புறம் அந்த மிரட்டல் கடிதம். என் சக ஊழியர் ஒருவருக்குக் குறைந்த வருமானம் என்பதால் கட்டணத்தில் ஒரு பகுதியை அலுவலகமே தந்துவந்தது, முடக்கத்தில் அதுவும் நின்றுபோனது. அவரிடம் முழுத் தொகையையும் கேட்டிருக்கிறீர்கள். அவர் இடத்தையே விட்டுவிட்டார். இப்போது அவர் அம்மா வேறு ஊரிலிருந்து வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்.

நான் கேட்பது இதுதான். பூட்டியிருந்த நாட்களுக்கான கட்டணம் அக்டோபர் முழு மாதமும் நவம்பரில் பாதியும் சேர்த்து 3,270 டாலர். நிலுவைச் சம்பளம் வந்ததும், இடம் போய்விடக்கூடாது என்ற பயத்தில் நவம்பர் கட்டணத்தையும் அந்த 75 டாலரையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். அந்த 3,270 டாலரை நீங்கள் டீச்சர்களுக்கு, வேலையை விட்டுப்போன இருவரையும் சேர்த்து, அந்த நாட்களுக்கான சம்பளமாகக் கொடுத்துவிட்டால் எனக்கு ஒரு டாலரும் திரும்ப வேண்டாம், எழுத்தில் கொடுக்கிறேன். கொடுக்கமாட்டீர்கள் என்றால் என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் கணக்கைப் பெற்றோர் எல்லோருக்கும் காட்டவேண்டும். 75 டாலர் தாமதக் கட்டணத்தையும் வங்கி போட்ட 35 டாலரையும் திருப்பித் தரவேண்டும். இடத்தைப் பறிப்போம் என்று பெற்றோர்களுக்கு அனுப்பிய கடிதங்களை எழுத்துமூலம் ரத்து செய்யவேண்டும்.

அடுத்தது அவசரம். இப்போது வந்திருக்கும் நிதிச் சட்டப்படி, என் அலுவலகம் உட்பட பெரும்பாலான துறைகளுக்குப் பணம் 2026 ஜனவரி 30 வரைதான். அதற்குப் பிறகு இதே நிலைமை திரும்ப வரலாம். அப்படி வந்தால் எந்த வகுப்பறை திறந்திருக்கும், கட்டட மேலாளரிடம் அனுமதியை யார் எப்போது கேட்பார்கள், மூடினால் கட்டணம் எவ்வளவு, டீச்சர்களுக்கு எத்தனை சதவீதம் சம்பளம் போகும் என்பதையெல்லாம் டிசம்பர் 15க்குள் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பக்கத்துக் கட்டடத்து டேகேருடன் பேசி, இரண்டில் ஒன்றையாவது சேர்ந்து திறந்துவைக்க முடியுமா என்றும் பாருங்கள், அவர்கள் தயாராக இருப்பதாக அங்குள்ள பெற்றோர் ஒருவர் என்னிடம் சொன்னார்.

இந்தக் கடிதத்தின் நகலைக் கட்டட மேலாளருக்கும், உங்களுக்கு இடம் ஒதுக்கிய அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். பதினேழு பெற்றோர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள், கையெழுத்துகள் தனித்தாளில் இருக்கின்றன. தானியங்கிப் பதில் வேண்டாம். பொறுப்பில் இருக்கும் ஒருவர் போனில் கூப்பிடுங்கள். வாரநாட்களில் மாலை ஆறரைக்கு மேல் எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மையத்தில் இரண்டு வயது வகுப்பில் இருக்கும் ஒரு பையனின் அம்மா
வாஷிங்டன், நவம்பர் 2025