குதிகாலில் எடுத்த சில துளி இரத்தத்துக்கு நன்றி

மகப்பேறு பிரிவின் செவிலியர்களுக்கும், பச்சிளங்குழந்தைப் பரிசோதனை ஆய்வுக்கூடத்தின் பணியாளர்களுக்கும், எங்கள் மகளைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவருக்கும் வணக்கம்.

பெரும் நோயிலிருந்து மீண்டவர்கள் நன்றி மடல் எழுதும்போது, பட்ட துன்பத்தைச் சொன்னாலே உதவியின் அளவு விளங்கிவிடும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. எங்கள் மகள் இந்த நோயால் ஒரு பொழுதும் துன்பப்பட்டதில்லை. பால் குடித்தாள், தூங்கினாள், உரிய காலத்தில் தலை நின்றது, தவழ்ந்தாள், இப்போது ஓயாமல் பேசுகிறாள். இவை அனைத்தும் இயல்பாக நடந்தன என்பதுதான் நீங்கள் செய்த உதவி.

அவளுக்கு இருப்பது பிறவித் தைராய்டு குறைபாடு. கழுத்தில் இருக்க வேண்டிய சுரப்பி கருவிலேயே கீழிறங்காமல், நாவின் அடியில் சிறு திசுவாக நின்றுவிட்டது. ஏறத்தாழ 2,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறைபாடு இருக்கும் என்றும், தாயின் தைராய்டு ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாக ஓரளவு கிடைத்துவிடுவதால் பிறந்தவுடன் பெரும்பாலும் எந்த மாறுபாடும் தெரியாது என்றும் பின்னர் அறிந்தோம். நீடிக்கும் மஞ்சள்காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, தடித்த நாக்கு என்று அடையாளங்கள் வெளிப்படுவதற்குள் வாரங்களோ மாதங்களோ கடந்துவிடும். அதன்பின் மருந்து கொடுத்தால் உடல் தேறும். ஆனால் அந்த ஹார்மோன் இல்லாமல் மூளை இழந்த வளர்ச்சியை முழுமையாக மீட்க முடியாது. அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாத நோய்களில் இது முன்வரிசையில் நிற்பது.

முதலில், அந்த இரத்தத்தை எடுத்த செவிலியருக்கு. பிறந்த அன்றே எடுத்து முடித்துவிடலாமே என்று நாங்கள் கேட்டபோது, பிறந்த சில மணி நேரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவு தானாகவே எகிறும், அப்போது சோதித்தால் நல்ல குழந்தையையும் நோயாளி என்று காட்டிவிடும், இரண்டு நாள் கழியட்டும் என்று பொறுமையாக விளக்கினார். குழந்தையின் பாதத்தைத் தம் உள்ளங்கையால் சூடேற்றி, எலும்புக்கு நேராக உள்ள நடுப்பகுதியை விட்டுக் குதிகாலின் ஓரத்தில் குத்தினார். முதலில் வந்த துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளி தானே திரண்டு வரும்வரை காத்திருந்து, தடித்த வடிதாளில் அச்சிட்ட வட்டத்தைத் தொட வைத்தார். ஒவ்வொரு வட்டமும் பின்பக்கம் வரை ஊறியிருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பெயர், பிறந்த நேரம், எடை, எங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய பிறகு, எண்ணை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார். இத்தனை கேள்வி எதற்கு என்று அப்போது எங்களுக்குச் சற்றுச் சலிப்பாகக்கூட இருந்தது. அந்த எண்ணுக்குத்தான் ஆய்வுக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது.

அழைத்தவரின் பெயரை அன்றைய பதற்றத்தில் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இது முதற்கட்டச் சோதனைதான், நோய் உறுதியாகவில்லை, ஆனாலும் நாளைக்கென்று தள்ளிப்போடாமல் இன்றே வந்து நரம்பில் இரத்தம் கொடுங்கள் என்றார். பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. முதலில் எடுக்காமல் விட்ட அழைப்பை மறுபடியும் முயன்று பிடித்தவர் அவர். ஆயிரக்கணக்கான அட்டைகளில் ஒன்றைப் பிரித்தெடுத்து, அதற்குரிய குழந்தை வந்து சேரும்வரை கோப்பை மூடாமல் வைத்திருந்த எல்லோருக்கும் எங்கள் நன்றி.

மருத்துவர் ஐயா, முடிவு உறுதியான அன்றே தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லீவோதைராக்சினைத் தொடங்கினீர்கள். பிறந்த இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவதே நலம் என்ற அந்த எல்லையைத் தாண்டவிடவில்லை. மாத்திரையைக் கரண்டியில் நசுக்கிச் சில துளி தாய்ப்பாலில் குழைத்துப் புகட்டும் முறையையும், பால் புட்டியில் கலந்தால் மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும் என்பதையும், இரும்புச்சத்து மருந்தையும் இதையும் ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது என்பதையும் செய்துகாட்டியே சொன்னீர்கள். “நன்றாகத்தானே இருக்கிறாள், பச்சைக்குழந்தைக்கு எதற்கு மாத்திரை” என்று கேட்ட பாட்டியையும் உட்காரவைத்து, இது வெளியிலிருந்து திணிக்கும் மருந்தன்று, உடலே சுரக்க வேண்டியதை நாம் கொடுக்கிறோம் என்று நீங்கள் விளக்கிய பிறகு, வீட்டில் வேளை தவறாமல் நினைவூட்டுபவர் அவரே ஆனார்.

நேரில் நன்றி சொல்ல முடியாத இருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். உலர்ந்த இரத்தப் புள்ளியைக் கொண்டு குழந்தைகளைச் சோதிக்கும் முறையை ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோய்க்காக 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் அமெரிக்கரான ராபர்ட் கத்ரி. அதே வடிதாளில் தைராய்டு ஹார்மோனையும் அளக்க முடியும் என்று 1970களில் கனடாவின் கியூபெக்கில் செய்துகாட்டியவர் ழான் துசோ. அவர்களுக்கு முன் பிறந்திருந்தால் எங்கள் மகளின் கதை வேறாகியிருக்கும்.

முன்கூட்டியே செய்யும் சோதனை என்றாலே நல்லது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயைத் தேடிய ஜப்பான், தானாகவே மறையக்கூடிய கட்டிகளுக்கும் சிகிச்சை நடப்பதையும், இறப்பு குறைந்ததற்குத் தெளிவான சான்று இல்லாததையும் கண்டு, 2003இல் அத்திட்டத்தை நிறுத்த முடிவெடுத்தது. அதுவும் பொறுப்பான செயல்தான். எதைத் தேடலாம் என்பதற்கு 1968இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட, வில்சன், யுங்னர் என்ற இருவர் வகுத்த நெறிகள், நோய்க்கு ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், வெளித்தெரியாமல் இருக்கும் கட்டம் ஒன்று இருக்க வேண்டும், அதைக் காட்டும் தகுந்த சோதனை இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கின்றன. எங்கள் மகளின் நோய் அத்தனைக்கும் பொருந்தியது எங்கள் நல்லூழ். பொருந்திய ஒன்றை வேலைப்பளுவுக்கு நடுவிலும் விட்டுவிடாமல் செய்தது உங்கள் உழைப்பு.

அவள் வாழ்நாள் முழுவதும் இம்மாத்திரையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அறிவோம். எடை கூடக்கூட அளவை மாற்ற இரத்தப் பரிசோதனைக்கும் வந்துகொண்டே இருப்போம். செவிலியரும் மருத்துவரும் அவளைப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்கு அவள் ஓர் அட்டை எண் மட்டுமே. அடுத்த முறை வரும்போது, உங்கள் வேலைக்கு இடையூறு இல்லையென்றால், அவளை ஆய்வுக்கூடத்தின் வாசலுக்கு அழைத்து வந்து காட்ட அனுமதி கேட்கிறோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
குழந்தையின் பெற்றோர்