கபினிக்குக் கிளம்புமுன்

கும்பகோணம்,
சித்திரை 5

அன்புள்ள சேதுவுக்கு,

கடிதம் கிடைத்தது. உளுந்து, பயறு எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை வயலில் வேலை இல்லை. கர்நாடகத்துக் கபினிக் காட்டுக்குப் புலிப் படம் எடுக்கப் போக இதுதான் நேரம். கோடையில் அணை நீர் வற்றிய இடமெல்லாம் புல் முளைத்திருக்கும். மான் அங்கே இறங்கும், புலியும் வரும்.

600 எம்எம் லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. 100-400 எம்எம் ஜூம் லென்ஸே போதும், மிச்சப் பணத்தில் இன்னும் இரண்டு சஃபாரி போகலாம். படம் கெடுவது பெரும்பாலும் கை ஆட்டத்தாலும் வெளிச்சக் கணக்கு தப்புவதாலும்தான்.

ஜீப்பில் ட்ரைபாட் விரிக்க இடமிருக்காது. லென்ஸைத் தாங்க ஒரு பை தைத்துக்கொள். பழைய ஜீன்ஸின் ஒரு காலை முழங்கால் வரை வெட்டி, ஒரு வாயைத் தைத்து, இரண்டு கிலோ பயறு போட்டு மறு வாயையும் தைத்துவிடு. முக்கால் பைதான் நிரப்ப வேண்டும். முட்ட நிரப்பினால் பை உருண்டையாகி லென்ஸ் உருளும். உமி வேண்டாம், கனம் பற்றாது. பயறு நன்றாகக் காய்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் வண்டு வைத்துவிடும். ஜீப் கம்பிமேல் பையைப் போட்டு லென்ஸை அழுத்தி வை. இன்ஜினை அணைக்கச் சொல்ல மறக்காதே. அது ஓடினால் அதிர்வு பை வழியாகவே ஏறும்.

புலி நடந்தால் ஷட்டர் வேகம் 1/1000 வினாடி, ஓடினால் 1/2000, படுத்திருந்தால் 1/250 போதும். விடியலில் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், 6400 வரை போனாலும் பயப்படாதே. அதனால் படத்தில் வரும் புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

வெளிச்சக் கணக்கைக் கொள்ளிடக் கரையிலேயே பழகிக்கொள். எருமை படுத்திருக்கும், முதுகில் உண்ணிக்கொக்கு நிற்கும். ஃப்ரேம் முழுக்கக் கறுப்பு இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். இறகின் கோடு தெரியும்வரை எக்ஸ்போஷரை மைனஸில் இறக்கு, ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவுக்கு, பக்கத்தில் வரும். கருஞ்சிறுத்தைக்கும் இதே கணக்கு. வெயிலில் நிற்கும் புலிக்குக் கன்னத்து வெள்ளை வெளுக்காமல் அரை ஸ்டாப் குறைத்தால் போதும். மரக்கிளையில், வானம் பின்னால் இருக்கச் சிறுத்தை படுத்திருந்தால் தலைகீழ்: பிளஸ் ஒன்று.

மூங்கில், புல் குறுக்கே வந்தால் கண்ணைத் தேடும் ஃபோகஸ் புல்லைப் பிடித்துக்கொள்ளும். சின்ன ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிவிடு. வெயில் ஏறியபின் தூரத்துப் புலியை எடுப்பது வீண். தரைச்சூட்டில் காற்று நெளியும், எந்த லென்ஸானாலும் படம் கலங்கும்.

புள்ளிமான் எதற்கெடுத்தாலும் கத்தும். கடமான் கத்தினால் புலி பக்கத்தில் இருக்கிறது என்று நம்பலாம். புலி சாலையில் நடந்தால் பின்னால் துரத்தச் சொல்லாதே, வால்தான் படத்தில் கிடைக்கும். முன்னால் வெகுதூரம் போய் நிறுத்திக் காத்திருங்கள். தூரத்திலிருந்து எடுத்தால் ஜீப்பின் உயரமும் அவ்வளவாகத் தெரியாது, புலியின் கண்மட்டத்துக்குப் பார்வை இறங்கும்.

மைசூர் எக்ஸ்பிரஸில் எந்தத் தேதிக்கு டிக்கெட் போடுகிறாய் என்று எழுது. என் 100-400 சும்மாதான் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
மூர்த்தி