ஏழு பேரையும் அழித்துவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். "அக்கா, ஏழு ஆல்ட்டையும் அழிச்சிட்டு பாலடினை மட்டும் வெச்சுக்கலாம்னு இருக்கேன். கில்ட் லீடர் சொல்றது சரிதான். நான் எதையுமே முழுசா விளையாடல." சொல்லி முடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாய் பார், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் எனக்குக் கோர்வையாக வராது. இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். விளையாடாதவர்களுக்காக ஒரு வார்த்தை: ஆல்ட் என்பது ஒருவர் தன் முதன்மைக் கேரக்டரை (மெயின்) தவிர வைத்திருக்கும் மற்ற கேரக்டர். கில்ட் என்பது சேர்ந்து விளையாடும் குழு. பாலடின், ரோக், ட்ரூயிட் எல்லாம் கேரக்டர்களின் வகைகள்.

முதலில் அவசரமான விஷயம்: இன்றைக்கு எதையும் அழிக்காதே.

நாம் விளையாடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் ஒரு கேரக்டரை அழிக்க வேண்டுமென்றால் பெட்டியில் 'டெலீட்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். கைதவறி அழித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 2010-ல் நான் அந்த ஆறு ஆங்கில எழுத்துகளையும் நிதானமாகவே அடித்தேன். போனது என் முதல் கேரக்டர், ஒரு நைட் எல்ஃப் ஹன்டர், லெவல் 38. டெல்ட்ராசில் என்ற அந்தப் பிரம்மாண்டமான மரத்தின் மேல்தான் அவள் பிறந்தாள். லெவல் 10-ல் அங்கேயே ஒரு காட்டுப் பூனையைப் பழக்கி, நம் பாட்டி வீட்டுப் பூனையின் நினைவாக 'கறுப்பி' என்று பெயர் வைத்தேன். ஹன்டரை அழித்தபோது கறுப்பியும் போய்விட்டது. அப்போது எனக்கும் ஒரு கில்ட் லீடர் இருந்தார். "ட்ரூயிட்டில் கவனம் செலுத்து, மற்றதெல்லாம் நேர விரயம்" என்றார். நானும் ஒழுங்கான பிள்ளையாகக் கேட்டுக்கொண்டேன்.

2018-ல் கதைப்படி டெல்ட்ராசில் எரிந்தது. அன்று எங்கள் கில்டில் பலபேர் தங்கள் பழைய கேரக்டர்களை எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போய் நின்றார்கள். நான் ட்ரூயிட்டோடு போனேன். அவளும் அந்த மரத்தில் பிறந்தவள்தான். ஆனால் இந்த விளையாட்டில் நான் நடக்கக் கற்றது, வழி தொலைந்து இருட்டில் சுற்றியது, முதல்முதலாகச் செத்தது எல்லாம் அந்த ஹன்டரோடு. அங்கே வந்து நிற்க வேண்டியவள் அவள். அழித்ததை மீட்கும் வசதி 2014-ல் வந்தது என்பது உனக்குத் தெரியும். அதை நம்பியும் அழித்துவிடாதே. இடையில் அந்தப் பெயரை வேறு யாராவது எடுத்திருந்தால் பெயர் போனது போனதுதான்.

இப்போது உன் கில்ட் லீடர் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ரெய்டில், அதாவது பலர் ஒன்றுசேர்ந்து பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடு போடும் சண்டையில், விழும் பொருள்கள் கொஞ்சம். ஒரு பாஸைக் கொன்று பொருள் வாங்க ஒரு கேரக்டருக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. இருபது பேர் சேர்ந்து உழைத்துக் கிடைத்த கோடாரியை உன் பாலடினுக்குக் கொடுக்கிறார்கள். அடுத்த வாரம் நீ ரோக்கோடு வந்து நிற்கிறாய். அந்தக் கோடாரி உன் பேங்கில் தூங்குகிறது. அதற்காக மூன்று வாரம் காத்திருந்தவர் வெறுங்கையோடு நிற்கிறார். லீடருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? 'மெயின்' என்பதற்கு கில்டுகளில் உள்ள உண்மையான அர்த்தம் இதுதான்: இந்த நாள், இந்த நேரத்தில், இந்தக் கேரக்டரோடு வருவேன் என்று மற்றவர்களுக்குக் கொடுத்த வாக்கு. நீ எத்தனை மணி நேரம் எதில் விளையாடுகிறாய் என்பது அந்தக் கணக்கில் சேராது.

அதனால் அவர் உன்னிடம் கேட்க வேண்டியது வாக்கு மட்டும்தான். மற்ற ஏழு பேரையும் கொல்லச் சொல்ல அவருக்கு என்ன உரிமை?

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்றும் எனக்குப் புரிகிறது. அவர் 2016-ல் 'லீஜியன்' என்ற விரிவாக்கம் வந்த காலத்தில் ரெய்டுக்கு வந்தவர் என்று நீதான் சொன்னாய். அப்போது கேரக்டர் வகைகளின் ஒவ்வொரு உட்பிரிவுக்கும், அதாவது ஸ்பெக்குக்கும், ஓர் ஆர்டிஃபாக்ட் ஆயுதம், மொத்தம் 36. அந்த ஆயுதத்துக்கான சக்தியைத் தினமும் சேர்க்க வேண்டும். சேர்க்கும் வேகத்தைக் கூட்டும் ஆராய்ச்சியோ நிஜ நாள்களில் நகரும், அதுவும் ஒவ்வொரு கேரக்டருக்கும் தனித்தனியாக. ஆல்ட் வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் அடியிலிருந்து ஏற வேண்டியிருந்தது. என் வாரியர் அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் ஸ்டார்ம்விண்ட் நகர விடுதியிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு "ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்" என்பது நல்ல அறிவுரை. நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இந்த விளையாட்டு எப்போதும் அப்படி இருந்ததில்லை. 2008-ல் டெத் நைட் என்ற புது வகை வந்தபோது, லெவல் 55-ல் ஒரு கேரக்டர் வைத்திருந்தாலே போதும், புதியவன் நேராக 55-லேயே தொடங்குவான். பழைய ஆட்டக்காரர்களை இன்னொரு கேரக்டர் செய்யச் சொல்லி விளையாட்டே அழைத்தது. ஆல்ட் வளர்ப்பவர்களுக்காக ஹெயர்லூம் உடைகளும் அப்போதுதான் வந்தன. 2012-ல் மவுண்ட் (சவாரி விலங்கு), பெட் எல்லாம் எல்லாக் கேரக்டருக்கும் பொதுவாயின. இப்போது, 2024-ல் வந்த 'வார்பேண்ட்' முறையில், ஒருத்தி சேர்த்த நற்பெயர் மற்றவர்களுக்கும் சேர்கிறது, பொதுவான பேங்க்கும் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் நாலு பேர் ஒரு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்தத் திரையைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறைகிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

மற்ற விளையாட்டுகளிலும் இப்படித்தான், விதியைப் பொறுத்துத்தான் நல்லதும் கெட்டதும். 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைனில் ஒருவருக்குத் திறமைகளின் மொத்த உச்சவரம்பு 700 புள்ளி. ஏழு கலைகளில் தேர்ந்தால் எட்டாவதற்கு இடமில்லை, இன்னொருவரைப் படைத்துத்தான் ஆக வேண்டும். ஈவ் ஆன்லைனில் ஒரு கணக்கில் மூன்று பேருக்கு இடமுண்டு. ஆனால் திறமைகள் நிஜ நேரத்தில் வளர்வதால், சாதாரணமாக ஒரு சமயத்தில் ஒருவர்தான் கற்க முடியும். அங்கே ஆல்ட் என்பது மெயினின் சோற்றில் கைவைப்பது. ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் ஆயுதத்தை மாற்றினால் தொழிலே மாறிவிடும், அதனால் ஒருவரே எல்லாமாக இருக்கலாம். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் ஒரு திறமையை 99-க்குக் கொண்டுபோக 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும், அதில் பாதித் தூரம் என்பதே லெவல் 92. அந்த மலையை ஒருமுறை ஏறியவரை இன்னொரு கேரக்டரோடு மறுபடி ஏறச் சொன்னால் யோசிக்கத்தான் செய்வார்.

சரி, ஆல்ட் எனக்கு என்ன கொடுத்தது என்று சொல்கிறேன்.

ஐஸ்கிரவுன் கோட்டையில் சவுர்ஃபாங் என்றொரு பாஸ். உனக்கு நினைவிருக்கும். அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுத் தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, பாதி ராத்திரியில் "அக்கா, ரத்தம் குறையுது, ரத்தம் குறையுது!" என்று நீ கத்திய அதே சண்டைதான். உனக்கு அப்போது ஒன்பது வயது. முன்னால் நின்று அவன் அடியைத் தாங்குகிறவர்கள்தான் டாங்க். அவன் ஒரு டாங்க் மேல் ரத்தக் குறி வைப்பான். உடனே மற்ற டாங்க் அவனைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். தாமதமானால், குறி விழுந்த டாங்க்கை அடிக்க அடிக்க அவனுக்கு உயிர் ஊறும். எங்கள் டாங்க் ஒவ்வொரு தடவையும் இரண்டு விநாடி தாமதம். மற்றவர்களின் உயிரைக் காக்கும் ஹீலராக இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'கண் எங்கே இருக்கிறது இவருக்கு' என்று மைக்கை அணைத்துவிட்டு எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன்.

பிறகு ஒரு வாரியரை வளர்த்து, 80-க்குக் கொண்டுவந்து, அதே சவுர்ஃபாங் முன்னால் டாங்க்காக நின்றேன். திரையில் எனக்குத் தெரிந்தது என்ன தெரியுமா? அவனுடைய முழங்காலும் கவசமும். அவ்வளவுதான். ரத்தக் குறி விழுந்ததா என்று பார்க்க வேண்டிய இடம், என் திரையின் ஒரு மூலையில், எனக்கு இணையான டாங்க்கின் பெயருக்குக் கீழே, பொட்டு அளவுக்கு ஒரு சின்னப் படம். அதையும் பார்த்து, அவன் நிற்கும் இடத்தையும் பார்த்து, கத்துகிறவர்களையும் கேட்டு… முதல் நாள் நான் நாலு விநாடி தாமதம். அன்றிரவு அந்தப் பழைய டாங்க்குக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் எழுதினேன். அதன் பிறகு நான் நல்ல ஹீலர் ஆனேன். குறி எப்போது விழும், யாருக்கு அடி எப்போது பலமாகும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. அந்த இடத்தில் நான் நின்றிருந்தேன், அதனால்தான். என் ட்ரூயிட்டை மட்டும் இன்னும் 500 மணி நேரம் விளையாடியிருந்தாலும் அது வந்திருக்காது.

இனிமேல் சொல்லப்போவது உனக்குக் கொஞ்சம் வலிக்கலாம். கோபித்துக்கொள்ளாதே.

புதுக் கேரக்டர் உருவாக்கினால் உடனே எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவாய். நேற்று அவற்றை எல்லாம் தேதியோடு பார்த்தேன். ஏழில் ஐந்து, ரெய்டு கெட்டுப்போன இரவுக்கு மறுநாள் பிறந்தவை. ரோக் பிறந்தது, உன்னால் எல்லாரும் செத்தார்கள் என்று லீடர் எல்லோர் முன்னாலும் சொன்ன இரவுக்கு மறுநாள். ஷாமன் பிறந்தது உனக்கு வேலையில் பிரச்சினை வந்த வாரம். லெவல் 1-ல் யாரும் உன்னிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. பன்றியை அடிக்கலாம், பூப் பறிக்கலாம், தவறலாம். நீ அங்கே போனது மூச்சுவிட. அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஐரோப்பிய சர்வரில் ரெய்டு தொடங்கி, மூன்று மணி வரை திட்டு வாங்கி, காலையில் ஒன்பதுக்கு ஆபீஸ் போகிறவனுக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும். ஏழையும் அழித்தால் அந்த இடங்களெல்லாம் போகும், திட்டு மட்டும் அப்படியே இருக்கும். அப்புறம் நீ பாலடினையும் விட்டுவிடுவாய். எனக்கு அதுதான் பயம்.

ஆனால் ஒரு பெயர் வேண்டும், தம்பி. அதை நான் முழுமனதோடு சொல்கிறேன். நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞர் இருந்தார். தசைகள் தேயும் டுஷேன் நோய். சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை. 2014-ல், 25 வயதில் இறந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து போனான் என்று பெற்றோர் நினைத்தார்கள். அவருடைய வலைப்பூவில் தந்தை மரணச் செய்தியைப் போட்டதும் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்தன. இறுதிச் சடங்குக்கு கில்ட் நண்பர்கள் நாடு கடந்து வந்தார்கள். அவர்கள் அறிந்தது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் உலகமான அஸெராத்தில் வாழ்ந்த 'இபெலின்' என்பவரை. அந்தப் பெயரோடு அவர் வருடக்கணக்கில் அங்கே நடந்து, பேசி, பிறர் கவலை கேட்டார். ஒரு பெயரை நிலையாக வைத்திருப்பவரைத்தான் மற்றவர்கள் தேடிக்கொண்டு வர முடியும். உன் எட்டுப் பெயர்களில் எதைச் சொல்லி உன்னைக் கூப்பிடுவது என்று கில்டில் பாதிப்பேருக்கு இன்னும் தெரியாது.

அதனால் நான் செய்யச் சொல்வது இது. லீடருக்கு இன்றே எழுது: "புதன், ஞாயிறு ரெய்டுக்குப் பாலடினோடு வருவேன், வர முடியாத நாளில் முன்கூட்டியே சொல்வேன். ரெய்டில் ஆல்ட்டுக்குப் பொருள் கேட்க மாட்டேன். மற்ற நாள் என் விருப்பம்." இவ்வளவு போதும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு கில்ட் பார்க்கலாம். நல்ல ஹீலிங் பாலடினுக்கு எங்கேயும் கதவு திறந்திருக்கும். எல்லா ஆல்ட்டுக்கும் உன் கில்ட் பட்டப்பெயரைக் குறிப்பில் போட்டு வை, யார் எதைக் கண்டாலும் நீதான் என்று தெரியட்டும். நெருப்பைச் சுற்றி உட்காரும் நாலு இடத்தில் பாலடினையும் ஷாமனையும் கட்டாயம் வை.

ஷாமன் ஏன் என்று கேட்பாய். ஏழில் அவன் ஒருவனைத்தான் நீ 40-ஐத் தாண்டி வளர்த்திருக்கிறாய். அனுப்பிய படங்களில் அவனுக்கு மட்டும் மூன்று உடை மாற்றியிருக்கிறாய்.

வரும் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அவனை எடுத்துக்கொண்டு டெட்மைன்ஸ் சுரங்கத்தின் வாசலுக்கு வா. நான் என் வாரியரோடு வருகிறேன், பார்ட்டி சிங்க் போட்டால் லெவல் சமமாகிவிடும். இந்தத் தடவை நான் முன்னால் நிற்கிறேன். என் ரத்தம் குறைந்தால் நீ பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா