கால்வாயை மூன்றாண்டு காக்க நன்கொடை வேண்டுகோள்

கால்வாயின் இரு கரைகளிலும் வாழ்வோருக்கும், இதில் வலை வீசுவோருக்கும், இந்த நீரைப் பாய்ச்சிப் பயிர் செய்வோருக்கும் மீட்புக் குழுவின் வணக்கம்.

மேல்முனையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குக் கால்வாயை வெங்காயத்தாமரை மூடிக் கிடக்கிறது. பலர் ஆகாயத்தாமரை என்று சொல்வதும் இந்தச் செடியைத்தான். சராசரி அகலம் 20 மீட்டர் என்று வைத்தால் மூடிய பரப்பு 3 ஹெக்டேர். நெருக்கமாக வளர்ந்த ஒரு ஹெக்டேரில் ஈர எடை 300 டன் வரை வரும். ஆக, வெளியே எடுக்க வேண்டியது சுமார் 900 டன். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆனாலும் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே தூக்கியாக வேண்டும்.

நாங்கள் கேட்பது ஒரு முறை அள்ளிப் போடுவதற்கான தொகை அல்ல, மூன்றாண்டு வேலைக்கான தொகை. சூடான, சத்து மிகுந்த நீரில் இந்தச் செடி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தன் பரப்பை இரட்டிப்பாக்கும். நூற்றில் ஒரு பங்கு, அதாவது 300 சதுர மீட்டர், மிஞ்சிவிட்டது என்று வையுங்கள். ஏழு முறை இரட்டித்தால் போதும், பதினான்கு வாரத்தில் கால்வாய் மறுபடி மூடிவிடும். விதையின் தொல்லை வேறு இருக்கிறது. சேற்றில் இறங்கிய விதை 15 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மூடாக்கு விலகி வெயில் பட்டதும் ஆழமில்லாத கரையோரங்களில் முளைத்து வரும். பெரிய இயந்திரங்களோடு நடக்கும் துப்புரவுகள் பல வீணாவது, அடுத்த ஆண்டு இந்த நாற்றுகளைப் பிடுங்க ஆளும் பணமும் இல்லாமல் போவதால்தான்.

அதனால் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. வரும் தொகையில் பாதி, சுத்தம் செய்த பிறகு முளைக்கும் நாற்றுகளைப் பிடுங்கும் காவலுக்கென்று தனிக் கணக்கில் போகும். முதல் கட்டத்தில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதைத் தொட மாட்டோம். எதிர்பார்த்த தொகை சேராவிட்டால் வேலை செய்யும் தூரத்தைக் குறைப்போமே தவிர, ஆண்டுகளைக் குறைக்க மாட்டோம். மேல்முனையிலிருந்து கீழ்நோக்கி வேலை நடக்கும் என்பதால் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதுவரை செய்தது நிற்கும். கீழிருந்து தொடங்கினால் மேலேயுள்ள செடி ஒவ்வொரு நீரோட்டத்திலும் வந்து சுத்தமான இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

முதல் தேவை, மிதந்து வரும் செடியை மறிக்கும் மிதவைத் தடுப்பு. இரு முனையும் அடைத்த 160 மி.மீ. எச்.டி.பி.இ. (அடர்த்தியான பிளாஸ்டிக்) குழாய்களைக் கம்பிவடத்தில் கோத்து, கீழே அரை மீட்டர் ஆழத்துக்கு வலை தொங்கவிட்டு, வலையின் அடியில் சங்கிலி கட்ட வேண்டும். குறுக்கே நேராகக் கட்டினால் செடி மொத்தமும் நடுவில் குவிந்து, ஒன்று தடுப்பைக் கட்ட கரையில் அடித்த முளைக்கம்பைப் பிடுங்கும், இல்லையென்றால் தடுப்பை அமுக்கி அதன் மேலேறிப் போய்விடும். 45 பாகைச் சாய்வில் கட்டினால் வந்து மோதும் செடி தானாகக் கரையை நோக்கி நகரும், அங்கிருந்து அள்ளலாம். இந்தச் சாய்வில் 20 மீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 28 மீட்டர் தடுப்பு பிடிக்கும். கரையில் சுற்ற விடும் நீளத்தையும் சேர்த்து 30 மீட்டர். மேல்முனையில் ஒன்று, வேலை நடக்கும் இடத்துக்குக் கீழே இன்னொன்று, ஆக மொத்தம் 60 மீட்டர். கம்பிவடத்தை முளையில் இறுக்கிக் கட்டாமல், நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் வளையத்தில் மாட்ட வேண்டும். இறுக்கிக் கட்டிய தடுப்பு முதல் வெள்ளத்திலேயே அறுந்துவிடும்.

அடுத்தது வெட்டுவதும் இழுப்பதும். வேர்கள் பின்னிப் பாய் போலக் கிடப்பதால் நீண்ட கைப்பிடி அரிவாளால் மூன்று நான்கு மீட்டர் அகலத் துண்டங்களாகப் பிரித்து, படகால் இழுத்துக் கரை சேர்த்து, நீண்ட கை கொண்ட எக்ஸ்கவேட்டரால் தூக்குவோம். வாளியில் துளைகள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால்வாய் நீரையும் கூடவே அள்ள நேரிடும். செடியை நீரிலேயே அரைத்து விட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று சிலர் கேட்கிறார்கள். அரைத்தது அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும், விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும், சத்தும் நீரிலேயே தங்கி அடுத்த தலைமுறைச் செடிக்கு உரமாகும். பரப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் களைக்கொல்லி அடித்தாலும் இதே கதிதான். அந்த வழியை நாங்கள் எடுக்கவில்லை.

அள்ளியதைக் கரையிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, வெள்ளம் எட்டாத மேட்டில் குவிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் நீர் வடிந்தால் வண்டிச் சுமை பெரிதும் குறையும். வடியும் கறுப்பு நீர் கால்வாய்க்குத் திரும்பாமல் ஒரு சிறு குழியில் இறங்க வேண்டும். மக்க வைக்கும்போது குவியலின் உள்வெப்பம் 55 பாகை செல்சியஸுக்கு மேல் பல நாள் நிற்கவும், வெளிப்புறமும் அந்தச் சூட்டைப் பெறவும் அடிக்கடி புரட்டிப் போட வேண்டும். சூடேறாத குவியலில் விதை சாகாது. அந்த உரம் வயலோடு நிற்காமல் வாய்க்கால் வழியே மீண்டும் இங்கேயே வந்து சேரும். இந்தச் செடி நீரிலுள்ள உலோகங்களையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே ஆய்வு முடிவு வரும்வரை உரமாகவோ மாட்டுத் தீவனமாகவோ யாருக்கும் தர மாட்டோம், தயவுசெய்து கேட்காதீர்கள்.

செடியைத் தின்னும் கூன்வண்டுகளை விடலாமே என்று கேட்போர் உண்டு. நல்ல வழிதான். நியோகெட்டினா பேரினத்தின் இரண்டு வகை வண்டுகளின் புழுக்கள் இலைக்காம்பைத் துளைத்துச் செடியின் குருத்தை நலிவடையச் செய்யும். விக்டோரியா ஏரியில் 1990களின் இறுதியில் செடி பெருமளவு சரிந்ததில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னாளில் அங்கேயும் செடி மறுபடி தலைதூக்கியது. ஆனால் வண்டு பெருகிப் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். இயந்திரத்தால் அள்ளும்போது வண்டும் செடியோடு போய்விடும். எந்தச் செடிக்கு எந்த வண்டு என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் 1980இல் விட்ட கூன்வண்டு சால்வினியா என்ற வேறொரு மிதக்கும் களையை வியக்கத்தக்க வேகத்தில் ஒழித்தது, ஆனால் அது வெங்காயத்தாமரைக்கு உதவாது. அரசு அனுமதி கிடைத்தால் கரையில் தனித் தொட்டிகளில் வண்டு வளர்த்து, எந்திரம் எட்டாத மூலைகளில் விடுவோம். இப்போதைய வேண்டுகோளில் அதற்கான தொகையைச் சேர்க்கவில்லை.

காவல் என்பது எளிய வேலை, ஆனால் விடாமல் செய்ய வேண்டியது. ஒன்றரை கிலோமீட்டரை நூறு நூறு மீட்டராகப் பதினைந்து பகுதிகளாகப் பிரித்திருக்கிறோம். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறை, இருவர் படகில் போய் நாற்றுகளை வேரோடு பிடுங்கி மூட்டையில் கட்டிக் கொண்டு வர வேண்டும். பூக்கும் முன் பிடுங்கிய ஒவ்வொரு நாற்றும் சேற்றிலுள்ள விதை இருப்பைக் குறைக்கும். பூக்க விட்டால் இருப்பு ஏறும். ஒரு பகுதியை ஒரு மாதம் காப்பது ஒரு பகுதி-மாதம்; பதினைந்து பகுதிக்கு 36 மாதம் என்றால் 540 பகுதி-மாதங்கள்.

சாக்கடையும் உரநீரும் கலக்கும்வரை செடிக்கு உணவு இருந்துகொண்டே இருக்கும். அதை இந்த நிதி தீர்த்துவிடாது. கலக்கும் இடங்களில் நைட்ரஜன், பாஸ்பரஸ் அளவை ஆய்வு செய்து, முடிவோடு உரிய அலுவலகத்தின் கதவைத் தட்டுவதற்கு மட்டும் ஒரு சிறு தொகை ஒதுக்கியிருக்கிறோம்.

உங்கள் பங்களிப்பை ஒரு மீட்டர் மிதவைத் தடுப்பு, ஒரு மணி நேர எக்ஸ்கவேட்டர் வாடகை, ஒரு பகுதி-மாதக் காவல் என்று அலகாகக் குறித்துக் கொடுங்கள். எதற்குக் கொடுத்தீர்களோ அதிலேயே வரவு வைத்து ரசீது தருவோம். குறிக்காமல் வரும் தொகை முதலில் காவல் கணக்குக்குப் போகும், ஏனென்றால் இயந்திரத்துக்குக் கொடுக்க வருவோர் எப்போதும் அதிகம். பொருளாகவும் தரலாம்: உயிர்காப்பு மேலங்கி, முழங்கால் வரையிலான ரப்பர் காலணி, தடித்த கையுறை, நைலான் கயிறு, குவியலுக்கு மேட்டு நிலம். ஆளாக வருவோருக்கு ஒன்று: செடிப்பாய் மேல் கால் வைக்கக் கூடாது. தரை போலத் தோன்றினாலும் ஆள் பாரம் தாங்காது, விழுந்தவர் மேலே வரும் வழியை வேர் அடைத்துவிடும். அதில் பாம்பும் தங்கும். யாரும் தனியாக இறங்க வேண்டாம்.

வரவு செலவு மாதந்தோறும் படித்துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். நீர்மட்டம் தாழ்ந்து, செடி பூப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். அதற்குள் தடுப்புகள் கட்டி முடிந்திருக்க வேண்டும். ஆகவே 60 மீட்டர் தடுப்புக்கும் முதல் ஆறு மாதக் காவலுக்கும், அதாவது 90 பகுதி-மாதங்களுக்கும், தொகை சேர்ந்த அன்றே குழாய்க்கு முன்பணம் கட்டுவோம்.