அம்மன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

தலைக்கட்டுதாரர்களுக்கும் உபயதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

விமானத்தின் சுதை வேலை, முன்மண்டபத் தளம், தெற்கு மதில் ஆகியவை முடிந்து குடமுழுக்கும் நிறைவேறியது. வரவு செலவுக் கணக்கு ரசீதுகளுடன் மண்டபத்தில் பார்வைக்கு இருப்பதால், அதைத் திரும்ப எழுதாமல், கூட்டத்தில் பலமுறை எழுந்த கேள்விக்கே இங்கே விடை தருகிறோம்: பணம் கையிருப்பில் இருந்தும் வேலையாட்களுக்கு ஏன் தவணை தவணையாகக் கொடுத்தோம்?

முந்தைய மராமத்தின்போது மொத்தத் தொகையையும் முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்படைத்தோம். கடல் மணலைக் கலந்து பூசிய அந்தத் தளம், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, இரண்டே மழைக்காலத்தில் பொரிந்து விழுந்தது.

இம்முறை நாங்கள் பின்பற்றிய வழி அக்கரையிலிருந்து வந்தது. 2009 மே மாதம் இலங்கைப் போர் முடிந்தபின், 50,000 வீடுகள் கட்ட மானியம் தருவதாக 2010இல் இந்திய அரசு அறிவித்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்ததாரர் கட்டினார். 2012 அக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்திலோ வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலும் பயனாளியே தம் வீட்டைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், இடைத்தரகர் கையில் சிக்காமல், கட்டுமானம் எட்டிய நிலையைச் சரிபார்த்த பிறகு அவரவர் வங்கிக் கணக்குக்கே போய்ச் சேர்ந்தது.

மண்டபம் அகதிகள் முகாமில் வளர்ந்து மன்னாருக்குத் திரும்பிய, எம் உறுப்பினர் ஒருவரின் அக்கா அந்நாளில் அனுப்பிய படத்தை நாங்கள் பார்த்தோம். நிலைப்படி மட்டம்வரை சுவர் எழும்பி நிற்கிறது, கூரை இல்லை, பக்கத்தில் பனையோலைக் கொட்டகை, ஒருவர் நாடா பிடித்துச் சுவரை அளக்கிறார். அந்த அளவுக்குப் பிறகுதான் அடுத்த தவணை. ஆனால் மணலும் கூலியும் ஏறிவிட்டதால் தொகை போதாமல், கூரைக்காக அந்த அக்கா தம் காப்பை அடகு வைத்தார். அங்கே பல குடும்பங்கள் கடன்பட்டே வீட்டை முடித்தன. ஆகவே தவணை முறையை எடுத்துக்கொண்ட நாங்கள், அதன் குறையை விட்டுவிட எண்ணி, சிமெண்ட் விலை ஏறிய ஒவ்வொரு முறையும் எஞ்சிய தவணைகளைத் திருத்தினோம். இதனால் மதிலின் நீளம் சற்றுக் குறைந்தது. அதில் குழுவுக்கு வருத்தமில்லை.

வெளிநாட்டு உறவினர் பணம் குறித்தும் ஒரு வார்த்தை. இந்தியக் குடியுரிமையுடன் வளைகுடாவில் வேலை செய்வோர் வங்கி வழியே அனுப்பியதை ஏற்றுக்கொண்டோம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களிடம் வாங்குவதற்கு 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ வேண்டும். நம்மிடம் இரண்டும் இல்லை. தர முன்வந்தவர்களிடம் அதைச் சொல்லி மறுத்தது மனவருத்தம் தந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஊரில் உள்ளவர் பெயரில் மாற்றி வாங்கலாம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை.

தெற்கு மதிலின் கடைசித் தவணை இன்னும் கொடுக்கப்படவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை கடந்தபின், உறுப்பினர் இருவர் முன்னிலையில் பூச்சைத் தட்டிப் பார்த்துத்தான் அது வழங்கப்படும்.