‘எளிதில் பெறலாம்’ என்றீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சட்டப் பகுதியில், ‘கடன் தீர்ந்ததற்கான பழைய ஆணைகளை நகல் மனுப் போட்டு எளிதில் பெறலாம்’ என்று எழுதியிருந்தீர்கள். எந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் நின்று அந்த ‘எளிதில்’ எழுதப்பட்டது என்று தெரிவித்தால், நானும் அங்கேயே போய் நின்றுகொள்வேன்.

விசைத்தறித் தொழிலில் நொடித்துப்போய், 1986-இல் சார்பு நீதிமன்றத்தில் ஐ.பி. (திவால் மனு) போட்டவன் நான். தறிகளையும் தோட்டத்தையும், திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரியான அபிஷியல் ரிசீவர் ஏலம் விட்டுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். 1990-இல் எனக்கு விடுவிப்பு ஆணை கிடைத்தது. 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம், 44-ஆம் பிரிவில், அரசுக்குச் சேர வேண்டியது, மோசடியால் வந்தது போன்ற சில நீங்கலாக மற்றக் கடன்களிலிருந்து அந்த ஆணை ஒருவரை விடுவிக்கிறது என்று சொல்வது தாங்கள் அறியாததல்ல. ஆயினும், அன்று தம் பங்கை வாங்கிப் போன ஒருவரின் மகன், நான் வீட்டை விற்கப்போவதை அறிந்து, அந்தப் பழைய கடனின் புரோநோட்டுக்கே வட்டியும் முதலுமாகக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். வீடு வாங்க முன்பணத்தோடு வந்தவர் அப்படியே திரும்பிவிட்டார்.

என்னிடமிருந்த நகல் பரணில் மழைநீர் ஒழுகிக் கூழாகிவிட்டது. வழக்கை நடத்திய வக்கீலும் இன்று இல்லை. நகல் பிரிவில் மனு எண்ணைக் கேட்டார்கள்; தெரியாது என்றதும், பதிவேட்டைத் தேட இன்னொரு மனுப் போடச் சொன்னார்கள்; நான்கு மாதம் நடந்தபின், வழக்குக் கட்டு அழிக்கப்பட்டிருக்கலாம் என்று வாய்வார்த்தையாகப் பதில் வந்தது. பழைய ஆவணங்களை அழிக்க 1917-லேயே சட்டம் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். அழித்திருந்தால் அழித்ததாக எழுதித் தரலாமே!

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய அரசிதழ்களைப் புரட்டியபோது, நான் திவாலான அறிவிப்பு மட்டும் பெயர், விலாசத்தோடு பழுதில்லாமல் கிடைத்தது. ஆனால், திவாலான எல்லாருக்கும் விடுவிப்புக் கிடைத்துவிடுவதில்லை; உரிய காலத்தில் அதைக் கேட்காதவரின் திவால் அறிவிப்பே ரத்தாகிவிடக்கூடும். ஆகவே, அந்தப் பக்கம் என் அவமானத்துக்குத்தான் சாட்சி, கடன் தீர்ந்ததற்கு அல்ல.

புரோநோட்டின் காலவரம்பு மூன்றே ஆண்டு என்பதால் இந்த நோட்டீஸ் நிற்காது என்கிறார் இப்போதைய வக்கீல். காலம் கடந்ததால் தப்பினான் என்ற பெயர் எனக்கு வேண்டாம். சொத்தையெல்லாம் கொடுத்துத் தீர்த்தவன் என்று காட்டத்தான் அந்த ஒரு தாளைத் தேடுகிறேன்.

ஏய்த்துத் தப்பியவன் என்ற பெயரை ஊர் எனக்குச் சூட்டியதில் தங்கள் இதழுக்கும் பங்குண்டு. ‘மஞ்சள் கடுதாசி’ கொடுத்தவன் என்றால் ஊரை ஏய்த்தவன் என்று எத்தனை துணுக்குகள் போட்டிருக்கிறீர்கள்! முப்பது ஆண்டுச் சந்தாதாரன் என்பதால் அவற்றையும் காசு கொடுத்தே படித்தேன். அபிஷியல் ரிசீவர் வாசலில் வந்து தறியைக் கழற்றியதைப் பற்றி ஒரு துணுக்குகூட வந்ததில்லை.

நான் வேண்டுவது இரண்டு வரி. ‘எளிதில்’ என்பதை அடுத்த இதழில் திருத்துங்கள்; விடுவிப்பு ஆணை பெற்றவர்கள் ஐ.பி. எண்ணைக் குறித்துவைத்து, சான்றிட்ட நகல் இரண்டை இப்போதே வாங்கிவைக்கட்டும் என்றும் சேர்த்துப் போடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
பழைய சந்தாதாரர் ஒருவர்