லிக்னின் பசை என்றாலே ஃபார்மால்டிஹைடு இல்லை என்றாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மரப்பலகைப் பசைகள் பற்றிய கட்டுரையில், மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் இயற்கைப் பொருளான லிக்னினைக் கொண்டு செய்யும் பசையில் ஃபார்மால்டிஹைடு கிடையாது என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். பெரும்பாவூர் ரப்பர் மரப் பிளைவுட் நாள்தோறும் லாரியில் கடந்து போகும் எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில், அந்த ஒரு வரியை நம்பிப் பலகை வாங்குவார்கள். அதனால் எழுதுகிறோம்.

லிக்னின் பெயரில் வருபவற்றில் பல, ஃபீனாலை ஃபார்மால்டிஹைடால் இறுகவைக்கும் ஃபீனால் பசைதான். ஃபீனாலில் ஒரு பங்கை, பாதி வரைகூட, லிக்னினாக மாற்றியிருப்பார்கள். ஃபார்மால்டிஹைடு அப்படியே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்திய பொருள் அது. ஃபார்மால்டிஹைடே சேர்க்காத பசையில் கிளையாக்சால், ஐசோசயனேட் போன்ற வேறு வேதிப்பொருள் இறுகவைக்கும் வேலையைச் செய்யும். எனவே வாங்குபவர் கேட்க வேண்டியது, "லிக்னின் இருக்கிறதா?" என்றல்ல, "இறுகுவதற்கு எதைச் சேர்க்கிறீர்கள்?" என்று.

ஆலைக்காரர்களுக்குச் சிக்கல் வேறு. வழக்கமான யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை, பலகையைச் சூடாக அழுத்தும் பிரஸ்ஸில் 105–110 டிகிரியில் இறுகிவிடும். லிக்னினில் வினைபுரியும் இடங்கள் குறைவு என்பதால் பெரும்பாலும் 150-க்கு மேல் சூடு வேண்டும், அழுத்தும் நேரமும் கூடும். அந்தச் சூட்டில் வெனீரில் (பிளைவுட்டுக்கு அடுக்கும் மெல்லிய மர ஏட்டில்) 10 சதவீத ஈரம் இருந்தாலே போதும்: உள்ளே நீராவி அடைபட்டு, பிரஸ்ஸைத் திறக்கும் கணத்தில் பலகை உப்பிப் பிளக்கும். பழி பசைமேல் விழும். ஈரத்தை 5, 6 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் உலர்த்திய வெனீரைத் திறந்த கொட்டகையில் ஒரு ராத்திரி விட்டால் ஈரம் திரும்ப ஏறிவிடும். உலர்த்திய ஷிப்ட்டிலேயே பசை பூசிவிடுவதுதான் வழி.

காகித ஆலைக் கருங்கழிவுநீரில் அமிலம் விட்டுப் பிரித்த லிக்னினைச் சரியாகக் கழுவாவிட்டால் சோடியம் தங்கி, ஒட்டிய பலகை தண்ணீரை இழுக்கும். சிறிதளவை எரித்து, மிஞ்சும் சாம்பலை எடைபோட்டால், தங்கிய சோடியத்தின் குட்டு வெளிப்படும். விலை குறைவான லிக்னின் வகையான லிக்னோசல்ஃபோனேட் தண்ணீரிலேயே கரையக்கூடியது. சமையலறைப் பலகைக்கு அதை நம்ப வேண்டாம். ஐசோசயனேட் சேர்த்த பசை பிரஸ் தகட்டில் ஒட்டிக்கொள்ளும், அதன் ஆவி ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஃபார்மால்டிஹைடு போய்விட்டது என்று தொழிலாளியின் முகமூடியைக் கழற்றச் சொல்வது பெருந்தவறு.

பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 303-ன்படி, ஈரம் தாங்கும் வகையை 60 டிகிரி நீரில் 3 மணி நேரமும், கொதிநீர் தாங்கும் வகையை 8 மணி நேரம் கொதிக்கவிட்டும் சோதிக்க வேண்டும். பிறகு கத்தியால் நெம்புங்கள். மரநார் கிழிந்து வந்தால் பசை பிடித்திருக்கிறது. வழவழவென்று ஏடாகப் பிரிந்தால் பிடிக்கவில்லை. அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறோம்.

வாசகர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்